தனித்து நிற்பதன் விலை: ஜெர்மனி ஒன்றானது எப்படி?

1871இல் பிறந்த ஜெர்மன் பேரரசின் எல்லைக்கோட்டை அக்காலத்து மொழி வரைபடத்தின் மீது வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தி வருவதில்லை. வியன்னா, சால்ஸ்பர்க், டிரோல் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக ஜெர்மன் பேசி வந்தவர்கள் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள்; சூரிச், பாசெல் நகரங்களின் ஜெர்மன் மொழியினரும் அப்படியே. உள்ளே இருப்பவர்களிலோ போசன் மாகாணத்துப் போலந்துக்காரர்கள் உண்டு, வடக்கு ஷ்லெஸ்விக்கின் டேனியர்கள் உண்டு, மெட்ஸ் நகரத்துப் பிரெஞ்சு மொழியினரும் உண்டு. ஒரே மொழி பேசிய மக்கள் அந்த மொழியின் பேரால் ஒன்றுகூடித் தேசமானார்கள் என்ற எளிய விளக்கம் இந்த வரைபடத்தின் முன் தடுமாறுகிறது. மொழி ஒரு காரணமே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. யாரையெல்லாம் சேர்த்துப் பேசலாம் என்பதற்கு மொழி ஒரு பட்டியலைத் தந்தது. அந்தப் பட்டியலிலிருந்து யார் உண்மையில் சேர்ந்தார்கள், யார் விடுபட்டார்கள், எப்போது, என்ன நிபந்தனையோடு என்பதையெல்லாம் வேறு விசைகள் தீர்மானித்தன.

அந்த விசைகள் எவை என்ற கேள்விக்கு வழக்கமாக மூன்று விடைகள் தரப்படுகின்றன. முதலாவது, தேசிய எண்ணம். நெப்போலியன் ஆதிக்கத்துக்கு எதிராக எழுந்த உணர்வு, பெர்லினில் தத்துவஞானி ஃபிக்டே 1807-08இல் ஆற்றிய சொற்பொழிவுகளில் உருப்பெற்று, 1817 வார்ட்பர்க் மாணவர் கூடுகை, 1832 ஹம்பாக் விழா என வளர்ந்து, கடைசியில் பேரரசாகக் கனிந்தது என்பது அந்த விடை. இரண்டாவது, ஒரு மனிதரின் சூழ்ச்சித்திறன்: பிரஷ்யாவின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் மூன்று போர்களை நடத்தி ஒரு நாட்டைச் செய்தார். மூன்றாவது, பொருளாதாரம்: நிலக்கரியும் இரும்பும் ரயிலும் சுங்க ஒன்றியமும் ஏற்கெனவே கட்டி முடித்திருந்த ஒற்றுமைக்கு அரசியல் பின்னால் வந்து முத்திரை குத்தியது. மூன்றிலும் உண்மை உண்டு. மூன்றுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. இணைவதா வேண்டாமா என்ற முடிவு முப்பதுக்கும் மேற்பட்ட அரசவைகளின் கையில் இருந்தது. அவற்றின் மன்னர்களிலும் அமைச்சர்களிலும் பெரும்பாலோர் தங்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்க விரும்பாதவர்கள். விரும்பாதவர்கள் ஏன் இணைந்தார்கள் என்பதற்கு இந்த மூன்று விடைகளும் தனித்தனியே பதில் சொல்வதில்லை. தனித்து நிற்பதற்குக் கொடுக்க வேண்டிய விலை கருவூலம், பாதுகாப்பு என்ற இரு தளங்களில் ஏறிக்கொண்டே போனது. உள்ளே வருவதற்கான விலை வேண்டுமென்றே குறைத்து வைக்கப்பட்டது. இரு தளங்களிலும் விலை ஒருசேர உயர்ந்த இடங்களில்தான் ஒற்றுமை ஏற்பட்டது. ஒன்றில் மட்டும் உயர்ந்த இடங்களில் ஏற்படவில்லை. இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் வாதம்.

1815இல் வியன்னா மாநாடு உருவாக்கிய ஜெர்மன் கூட்டமைப்பில் 39 அரசுகள் இருந்தன. ஆஸ்திரியாவின் தலைமையில் பிராங்பர்ட்டில் கூடிய அதன் அவைக்குச் சொந்தக் கருவூலமும் கிடையாது, வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் கிடையாது. வணிகம் குறித்து உறுப்பு அரசுகள் கலந்து பேசும் என்று அதன் சாசனத்தின் 19ஆம் பிரிவு வாக்களித்தது. பேச்சிலிருந்து எதுவும் விளையவில்லை. அதே மாநாடு ரைன் நதிக்கரைப் பகுதிகளையும் வெஸ்ட்ஃபாலியாவையும் பிரஷ்யாவுக்குக் கொடுத்தது. இதனால் பிரஷ்யா கிழக்கும் மேற்குமாக இரண்டு துண்டாயிற்று; நடுவே ஹனோவரும் ஹெஸ்ஸே-காசெலும் கிடந்தன. பழைய மாகாணங்களுக்குள்ளேயே அறுபதுக்கும் மேற்பட்ட வெவ்வேறு சுங்க அட்டவணைகள் வழக்கில் இருந்தன. போர்க்கடனில் மூழ்கியிருந்த அரசுக்கு வருவாயும் தேவை, சிதறிய நிலப்பரப்பை ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவரும் வழியும் தேவை. 1818 மே மாதச் சுங்கச் சட்டம் இதற்காக வந்தது. உள்நாட்டுச் சுங்கங்கள் ஒழிந்தன. வெளி எல்லையில் மட்டும் மிதமான தீர்வை. ஆனால் பிரஷ்ய மண்ணைக் கடந்து போகும் சரக்குக்குக் கனமான கடப்பு வரி. ஜெர்மன் ஒற்றுமையை எண்ணி யாரும் இந்தச் சட்டத்தை எழுதவில்லை. அக்காலத் தேசியவாதிகள் அதைச் சபிக்கவே செய்தார்கள். 1819இல் வணிகர்கள் சார்பாகக் கூட்டமைப்பு அவைக்கு மனு எழுதிய ஃபிரீட்ரிஷ் லிஸ்ட், ஜெர்மனிக்குள் இருந்த 38 சுங்க எல்லைகளைச் சுட்டி, பெர்லினிலிருந்து சுவிட்சர்லாந்துக்குச் சரக்கு அனுப்புபவர் பத்து அரசுகளைக் கடந்து பத்து முறை வரி கட்ட வேண்டியிருக்கிறது என்று முறையிட்டார். அவருடைய பார்வையில் பிரஷ்யாவின் புதிய சட்டம் அந்த நோயை மேலும் முற்றச் செய்வதாகவே இருந்தது.

இருந்தும் அந்தச் சட்டத்தின் விளைவுகள் அதை எழுதியவர்களின் நோக்கத்தைத் தாண்டிச் சென்றன. பிரஷ்ய நிலத்தால் முற்றிலும் சூழப்பட்ட சிற்றரசுகளுக்கு வெளியுலகுக்கான எல்லா வழிகளிலும் பிரஷ்யச் சாவடி நின்றது. ஷ்வார்ட்ஸ்பர்க்-சோண்டர்ஸ்ஹவுசன் என்ற சிறு அரசு, பிரஷ்யாவுக்குள் சிக்கிக் கிடந்த தன் பகுதிக்காக 1819இலேயே ஒப்பந்தம் செய்துகொண்டு, வசூலில் தன் மக்கள்தொகைக்கேற்ற பங்கைப் பெற்றது. ஆன்ஹால்ட்-கோத்தன் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றது. கடத்தல் அங்கே செழித்தது. வழக்கு கூட்டமைப்பு அவை வரை போனது. 1828இல் அதுவும் பணிந்தது. அதே ஆண்டு பிரஷ்ய நிதியமைச்சர் மோட்ஸ் ஹெஸ்ஸே-டார்ம்ஷ்டாட்டோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் சமமான இரு அரசுகளுக்குள்ள மரியாதையை அந்தச் சிறிய அரசுக்கு அளித்தார். பவேரியாவும் வூர்ட்டம்பெர்க்கும் அதே ஆண்டு தனியாக ஒரு சுங்க ஒன்றியம் தொடங்கியிருந்தன. சாக்சனி, ஹனோவர், ஹெஸ்ஸே-காசெல் முதலானவை ஆஸ்திரியாவின் ஆசியோடு மூன்றாவதாக ஒரு சங்கம் அமைத்தன. பிரஷ்யாவின் வளர்ச்சியைத் தடுப்பதே அதன் முதல் வேலை. மூன்று திட்டங்கள் போட்டியிட்ட இந்தச் சில ஆண்டுகளே தீர்மானகரமானவை. 1830இல் ஹெஸ்ஸே-காசெலின் ஹானாவ் நகரில் மக்கள் சுங்க அலுவலகத்தைத் தாக்கினார்கள். அடுத்த ஆண்டு அந்த அரசு பிரஷ்யாவின் பக்கம் போயிற்று. பிரஷ்யாவின் இரு துண்டுகளும் சுங்க வழியாக இணைந்தன, எதிர்ச்சங்கம் உடைந்தது. 1834 ஜனவரி 1 அன்று 18 அரசுகளும் ஏறத்தாழ 2.3 கோடி மக்களும் கொண்ட சுங்க ஒன்றியம் நடைமுறைக்கு வந்தது.

மன்னர்கள் ஏன் சேர்ந்தார்கள் என்பதற்கு வணிகர்களின் நெருக்குதலை மட்டும் காட்டுவது போதாது. ஒரு சிற்றரசுக்குப் பரப்பு குறைவு, எல்லை நீளம். தனியாகச் சுங்கம் வசூலித்தால் வசூலிக்கும் செலவே வருவாயில் பெரும்பங்கைத் தின்றுவிடும். பொது எல்லை வந்ததும் அந்தச் செலவு சரிந்தது. மொத்த வசூல் மக்கள்தொகைப்படி பங்கிடப்பட்டது. காப்பி, சர்க்கரை, புகையிலை போன்ற தீர்வைப் பொருள்களை அதிகம் வாங்கியவர்கள் பிரஷ்யாவின் செல்வமுள்ள மாகாணத்தார். ஆகவே ஏழை விவசாய அரசுகள் தாமே வசூலித்திருக்கக் கூடியதைவிட அதிகம் பெற்றன. பிரஷ்யா தெரிந்தே இந்த இழப்பை ஏற்றது. இதில் இன்னொரு கவர்ச்சியும் இருந்தது. நேரடி வரிகளை உயர்த்த மன்னர்கள் தம் சட்ட அவைகளின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். சுங்கப் பங்கோ பெர்லினில் கணக்கிடப்பட்டு நேராகக் கருவூலத்துக்கு வந்தது. தாராளவாத அவைகளைக் கண்டு அஞ்சிய அரசவைகளுக்கு இது பெரும் நிம்மதி. ஒற்றுமையின் முதல் கருவி இவ்வாறு மன்னர்களின் தன்னாட்சியைப் பலப்படுத்தும் கருவியாகவே அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் அரசியல் ஆபத்தை முதலில் உணர்ந்தவர் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக். கூட்டமைப்புக்குள் இன்னொரு சிறு கூட்டமைப்பு முளைக்கிறது என்று 1833இலேயே தம் பேரரசரை எச்சரித்தார். ஆனால் தம் பேரரசின் உயர்ந்த காப்புத் தீர்வைகளைக் குறைத்து அதற்குப் போட்டியாக எதையும் தர அவரால் இயலவில்லை.

ஒன்றியத்தில் நுழைவது எளிதாக இருந்தது. வெளியேறுவது ஒவ்வோர் ஆண்டும் கடினமாயிற்று. ஒப்பந்தம் முதலில் எட்டு ஆண்டுக்கும் பிறகு பன்னிரண்டு ஆண்டுக்கும் செய்யப்பட்டது. ஒவ்வோர் உறுப்பினருக்கும் தடுப்பு வாக்கு இருந்தது. ஏட்டளவில் இதைவிடத் தளர்வான அமைப்பு இருக்க முடியாது. ஆனால் காலம் முடியும்தோறும் உண்மையான பலம் வெளிப்பட்டது. 1850களின் தொடக்கத்தில் ஆஸ்திரிய அமைச்சர் புரூக், தம் பேரரசு முழுவதையும் உள்ளடக்கிய ஏழு கோடி மக்களின் நடு ஐரோப்பியச் சுங்கப் பரப்பை முன்வைத்தார். தெற்கத்திய அரசுகள் அதை ஆதரித்தன. பிரஷ்யா ஹனோவருக்குத் தாராளமான கூடுதல் பங்கு கொடுத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மற்றவர்கள் வேண்டுமானால் வெளியேறலாம் என்று காத்திருந்தது. யாரும் வெளியேறவில்லை, ஆஸ்திரியாவுக்கு 1853இல் ஒரு வணிக ஒப்பந்தமே மிஞ்சியது. 1862இல் பிரான்சோடு பிரஷ்யா செய்துகொண்ட தாராள வணிக ஒப்பந்தத்தைப் பவேரியாவும் வூர்ட்டம்பெர்க்கும் முதலில் நிராகரித்தன. அதை ஏற்பவர்களோடு மட்டுமே ஒன்றியத்தைப் புதுப்பிப்போம் என்று பிரஷ்யா அறிவித்தது. 1864 இலையுதிர் காலத்துக்குள் இரண்டும் இறங்கி வந்தன. பவேரிய மன்னரும் அமைச்சர்களும் பெர்லினை நேசிக்கத் தொடங்கியதால் இது நேரவில்லை. முப்பது ஆண்டுகளாகச் சுங்கப் பங்கை நம்பி வரவுசெலவுத் திட்டம் போட்டுப் பழகிய அரசுக்கு அந்தப் பங்கு இல்லாத ஓராண்டைக்கூடக் கற்பனை செய்ய முடியவில்லை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழுகிறது. சுங்க ஒன்றியம் இவ்வளவு ஆற்றலுடையதாக இருந்தால் 1866இல் நடந்ததை எப்படி விளக்குவது? அந்த ஆண்டு பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதியபோது ஒன்றியத்தின் முக்கிய உறுப்பினர்களான பவேரியா, வூர்ட்டம்பெர்க், சாக்சனி, ஹனோவர், பாடன், ஹெஸ்ஸே-டார்ம்ஷ்டாட் எல்லாமே ஆஸ்திரியாவோடு நின்று பிரஷ்யாவை எதிர்த்துப் படை நடத்தின. இன்னும் கூர்மையான சான்று இரண்டு உண்டு. லக்சம்பர்க் 1842இல் சுங்க ஒன்றியத்தில் சேர்ந்து முதல் உலகப் போரின் முடிவு வரை அதில் இருந்தது. ஆனால் ஜெர்மன் பேரரசின் பகுதி ஆகவே இல்லை. ஹாம்பர்க்கும் பிரேமனும் பேரரசின் உறுப்பினர்களாகவே இருந்துகொண்டு 1888 வரை அதன் சுங்க எல்லைக்கு வெளியே நின்றன. சுங்க எல்லை தானாக நாட்டெல்லையாக மாறவில்லை என்பதை இந்த உதாரணங்கள் காட்டுகின்றன. பொருளாதார விளக்கத்தை மட்டும் நம்புபவர்களுக்கு இவை சங்கடமானவை. ரயிலைக் காட்டி இதைச் சமாளிக்கவும் முடியாது. 1850இல் சுமார் 6,000 கிலோமீட்டராக இருந்த தடங்கள் 1870இல் ஏறத்தாழ 19,000 கிலோமீட்டர் ஆயின. சந்தைகளை அவை நெருக்கமாக்கின. ஆனால் ஒவ்வோர் அரசும் தன் தடத்தைத் தன் சொத்தாகவே காத்தது. பேரரசு பிறந்த பிறகுங்கூட 1870களில் அவற்றைப் பேரரசின் உடைமையாக்க பிஸ்மார்க் எடுத்த முயற்சி தோற்றது. ஆகவே கருவூலத்தின் விலை மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த விதிவிலக்குகள் எங்கே அமைந்தன என்று கவனித்தால் இரண்டாவது தளம் தெரிகிறது. லக்சம்பர்க்கின் நடுநிலைக்கு 1867 லண்டன் உடன்படிக்கையின் மூலம் வல்லரசுகள் உறுதி கொடுத்திருந்தன. அதற்குச் சுங்கத்தில் ஜெர்மனி தேவைப்பட்டது, பாதுகாப்பில் தேவைப்படவில்லை. பிரஷ்யாவால் மூன்று பக்கமும் சூழப்பட்ட ஹாம்பர்க்குக்குப் படைபலத்தில் வேறு புகலில்லை. உலகத் துறைமுகமாகச் சுங்க விலக்கை மட்டும் சிறிது காலம் காத்துக்கொள்ள முடிந்தது.

1866 வரை நடுத்தர அரசுகள் தனித்து நிற்க முடிந்ததற்கு ஆஸ்திரியாவே காரணம். பிரஷ்யாவுக்குச் சமமாக ஒரு வல்லரசு எதிரே நின்றவரை பவேரியாவும் சாக்சனியும் இருவருக்கும் நடுவே இடம்பிடித்துக்கொள்ளலாம். அந்தக் கேடயம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. கிரிமியப் போரின்போது ரஷ்யாவுக்கு எதிராகச் சாய்ந்து அதன் நட்பை ஆஸ்திரியா இழந்தது. 1859இல் இத்தாலியில் தோற்றது. கடன் பெருகிப் படைச் செலவைக் குறைக்க வேண்டிய நிலை வந்தது. மறுபுறம் சுங்கமும் ரூர் நிலக்கரியும் ரயில் பங்குகளும் பிரஷ்யக் கருவூலத்தை நிரப்பின. 1866 ஏப்ரலில் இத்தாலியோடு உடன்படிக்கை செய்துகொண்டு பிரஷ்யா போரில் இறங்கியபோது அதன் படைத்தளபதி மோல்ட்கே ஐந்து ரயில் தடங்களில் படையைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஆஸ்திரியாவுக்கு அந்த முனைக்கு ஒரே தடம்தான். ஜூலை 3 அன்று கோனிக்கிராட்ஸ் போர் முடிவைச் சொல்லிவிட்டது. போர் நடந்த வாரங்களிலும் சுங்கச் சாவடிகளில் வசூலும் அதன் பங்கீடும் நின்றுவிடவில்லை என்பது வரலாற்றாசிரியர்கள் அடிக்கடி சுட்டும் செய்தி. பிரஷ்யாவை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்த அரசுகளும் அதனோடு கூட்டுக் கணக்கை மூட விரும்பவில்லை. கருவூலத்தின் தளத்தில் பிணைப்பு எவ்வளவு இறுகியிருந்தது என்பதும், அது மட்டும் துப்பாக்கியைத் தடுக்கப் போதவில்லை என்பதும் இந்த ஒரே காட்சியில் சேர்ந்து தெரிகின்றன.

வெற்றிக்குப் பின் பிரஷ்யா எல்லோரையும் ஒரேமாதிரி நடத்தவில்லை. ஹனோவர், ஹெஸ்ஸே-காசெல், நாசாவ், பிராங்பர்ட் நகரம் ஆகியவை பிரஷ்யாவுடன் இணைக்கப்பட்டன. நெடுங்காலம் ஆண்ட ஹனோவர் அரச மரபு ஒரே ஆணையில் நாடிழந்தது. சாக்சனியை ஆஸ்திரியா விட்டுக்கொடுக்க மறுத்ததால் அது மன்னரோடும் மகுடத்தோடும் 1867இன் வடஜெர்மன் கூட்டாட்சிக்குள் வந்தது. மைன் நதிக்குத் தெற்கேயிருந்த பவேரியா, வூர்ட்டம்பெர்க், பாடன் ஆகியவை சுதந்திரமாக விடப்பட்டன. ஆனால் போர் வந்தால் தம் படைகளைப் பிரஷ்யத் தலைமையில் வைக்கும் இரகசிய உடன்படிக்கைகளில் கையெழுத்திட்ட பிறகே விடப்பட்டன. சுங்க ஒன்றியமும் மாற்றி எழுதப்பட்டது: தடுப்பு வாக்கு போய்ப் பெரும்பான்மை முடிவும், ஜெர்மனி முழுவதற்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட சுங்க நாடாளுமன்றமும் வந்தன. தனித்து நிற்பவருக்கு நேரக்கூடியதை ஹனோவர் காட்டியது. இணைபவருக்குக் கிடைக்கக்கூடியதைச் சாக்சனி காட்டியது. இருந்தும் தெற்கு அசையவில்லை. 1868 சுங்க நாடாளுமன்றத் தேர்தலில் வூர்ட்டம்பெர்க்கின் 17 இடங்களில் ஒன்றைக்கூடப் பிரஷ்ய ஆதரவாளர்கள் பெறவில்லை. பவேரியாவிலும் எதிர்ப்பாளர்களே மிகுதி. கட்டாயப் படைச்சேவை, கூடுதல் வரி, புரொட்டஸ்டண்ட் ஆதிக்கம் ஆகியவை பற்றிய அச்சம் கத்தோலிக்க விவசாயிகளையும் தெற்கத்திய ஜனநாயகவாதிகளையும் ஒரே பக்கம் நிறுத்தியது. பொருளாதாரம் தானாகவே அரசியலை இழுத்து வந்துவிடும் என்ற கோட்பாட்டை வாக்குச்சீட்டே மறுத்தது.

1870 ஜூலையில் பிரான்ஸ் போர் அறிவித்ததும் கணக்கு மாறியது. பவேரியத் தலைநகர் முனிச்சின் கீழவையில் ஆயுதந்தாங்கிய நடுநிலை வகிக்கலாம் என்ற யோசனை வலுவாகவே எழுந்தது. அமைச்சர் பிரேயின் தர்க்கம் அதை வென்றது. நடுநிலை வகித்து, பிரஷ்யா வென்றுவிட்டால் பவேரியாவுக்கு ஹனோவரின் கதி வரலாம். பிரான்ஸ் வென்றால் ரைனுக்கு மேற்கிலுள்ள பலாட்டினேட் பறிபோகலாம். பிரஷ்யாவோடு நின்று வென்றால் அது பவேரியாவின் இருப்பை மதித்தே ஆக வேண்டும். தனித்து நிற்பதன் விலை இவ்வளவு தெளிவாக ஓர் அவையில் கணக்கிடப்பட்ட தருணங்கள் வரலாற்றில் குறைவு. செப்டம்பர் 2இல் சேடானில் நெப்போலியன் III சரணடைந்த பிறகு, நவம்பரில் பாடன், ஹெஸ்ஸே, பவேரியா, வூர்ட்டம்பெர்க் ஒவ்வொன்றும் தனித்தனியே பேரம் பேசி இணைந்தன. பவேரியாவுக்கு அமைதிக்காலத்தில் சொந்தப் படை, சொந்த அஞ்சல், சொந்த ரயில், பீர் மீதான வரி எல்லாம் மிஞ்சின. பிரஷ்ய மன்னருக்குப் பேரரசர் பட்டம் அளிக்க வேண்டும் என்று எழுதிய லுட்விக் II மன்னருக்கு, ஹனோவர் அரச குடும்பத்திடமிருந்து முடக்கப்பட்ட செல்வத்திலிருந்து இரகசியமாகப் பணம் போயிற்று. இவ்வளவு சலுகைக்குப் பிறகும், வெர்சாயில் பேரரசு பிரகடனமாகி மூன்று நாள் கழித்து, 1871 ஜனவரி 21 அன்றுதான் பவேரியக் கீழவை ஒப்பந்தத்தை ஏற்றது. ஆதரவு 102, எதிர்ப்பு 48. தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இரண்டே வாக்குகள்.

அப்படியானால் தேசிய உணர்வுக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்கலாம். பாடல்களும் உடற்பயிற்சிச் சங்கங்களும், 1859இல் கவிஞர் ஷில்லரின் நூற்றாண்டுக்கு ஊருக்கு ஊர் நடந்த விழாக்களும், அதே ஆண்டு பிறந்த தேசியச் சங்கமும் வெறும் ஆரவாரமா? அல்ல. ஆனால் உணர்வு தனியே என்ன செய்ய முடியும் என்பதற்கு 1848-49 ஒரு தூய பரிசோதனை. 1848 மே 18 அன்று பிராங்பர்ட்டின் புனித பவுல் தேவாலயத்தில் கூடிய தேசிய அவையிடம் மக்கள் ஆதரவு இருந்தது. படையும் கருவூலமும் இல்லை. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனுக்காக டென்மார்க்கோடு போர் நடத்திய பிரஷ்யா, அவையைக் கேளாமல் மால்மோவில் போர்நிறுத்தம் செய்துகொண்டபோது, முதலில் எதிர்த்த அவை சில நாளில் அதை விழுங்க வேண்டியதாயிற்று. 1849 மார்ச்சில் அது எழுதி முடித்த அரசியல் சாசனத்தை 28 அரசுகள் ஏற்றன. பிரஷ்யா, ஆஸ்திரியா, பவேரியா, சாக்சனி, ஹனோவர் மறுத்தன. ஏற்றவை பெரும்பாலும் தனித்து நிற்க இயலாத சிறியவை. மறுத்தவை தனித்து நிற்கும் பலம் தமக்குண்டு என்று நம்பியவை. தேசிய அவை அளித்த மகுடத்தையும் பிரஷ்ய மன்னர் நிராகரித்தார். எனவே உணர்வின் பங்கை வேறிடத்தில் தேட வேண்டும். அது உள்ளே வருவதன் விலையைக் குறைத்தது. பிரஷ்யாவிடம் பணிந்தோம் என்று எந்த மன்னரும் தம் மக்களிடம் சொல்ல முடியாது. ஜெர்மனியில் சேர்ந்தோம் என்று சொல்லலாம். அதோடு 1870இல் பிரான்சின் பக்கம் நிற்பது என்ற வழியையே அது நினைக்கக்கூடாததாக்கியது. முனிச்சின் கணக்கு நடுநிலைக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே மட்டும் நடந்ததற்குக் காரணம் அந்த உணர்வுதான்.

பிஸ்மார்க்கை மையமாக்கும் விளக்கத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். அவர் 1862 செப்டம்பரில் பதவியேற்றபோது சுங்க ஒன்றியத்துக்கு இருபத்தெட்டு வயது. ஆஸ்திரியா நட்பிழந்தும் கடன்பட்டும் இருந்தது. போர் அமைச்சர் ரோன் தொடங்கிய படைச் சீர்திருத்தம் நடந்துகொண்டிருந்தது. சட்ட அவை வரவுசெலவுத் திட்டத்தை மறுத்தபோதும் அவரால் நான்கு ஆண்டுகள் ஆள முடிந்ததற்கு, பெருகி வந்த வரி வருவாயும், 1865இல் கோல்ன்-மிண்டன் ரயில் நிறுவனத்தில் அரசுக்கிருந்த உரிமைகளை விட்டுக்கொடுத்துத் திரட்டிய பணமும் துணை நின்றன. வேறொருவர் இதே பலத்தைக் கொண்டு ஆஸ்திரியாவோடு வடக்கு தெற்காக ஜெர்மனியைப் பங்கிட்டுக்கொண்டிருக்கக் கூடும். அந்த வாய்ப்பை பிஸ்மார்க்கே சில காலம் பரிசீலித்ததுண்டு. எனவே 1866, 1870 ஆகிய ஆண்டுகளில் ஒற்றுமை நிகழ்ந்த வேகத்திலும் வடிவத்திலும் அவர் கை இருக்கிறது. அவருடைய தனித்திறன் விலைகளைச் சரியாகப் படித்ததில் இருந்தது. 1866இல் ஆஸ்திரிய மண் எதையும் கேட்காமல் போரை நிறுத்தியதும், பவேரியாவுக்கு வேண்டிய சலுகையை அள்ளிக் கொடுத்ததும், நாடு தழுவிய ஆண் வாக்குரிமையை முன்வைத்துத் தாராளவாதிகளின் கையிலிருந்த கொடியைப் பறித்ததும் அந்தப் படிப்பின் விளைவுகள்.

இந்த வாதம் சரியானால் பிறந்த பேரரசின் உடலமைப்பில் அதன் தழும்புகள் இருக்க வேண்டும், இருக்கவும் செய்கின்றன. 1871 அரசியல் சாசனத்தின் முகப்பு மக்களின் பெயரால் பேசுவதில்லை. மன்னர்கள் செய்துகொண்ட நிலையான கூட்டு என்றே அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அரசுகளின் பிரதிநிதிகள் அமர்ந்த கூட்டாட்சி அவையின் 58 வாக்குகளில் பிரஷ்யாவுக்கு 17, பவேரியாவுக்கு 6. சாசனத் திருத்தத்தைத் தடுக்க 14 போதும். மக்கள்தொகையில் ஐந்தில் மூன்று பங்கு கொண்ட பிரஷ்யா வாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவோடு நின்றது, தனக்குப் பிடிக்காததைத் தடுக்கும் உரிமையை மட்டும் காத்துக்கொண்டது. நேரடி வரிகள் அரசுகளிடமே இருந்தன. பேரரசின் கருவூலம் சுங்கத்தையும் சில நுகர்வு வரிகளையும் அரசுகள் தரும் பங்குத் தொகையையும் நம்பி நடந்தது. 1879இல் காப்புத் தீர்வை வந்து வசூல் பெருகியபோதுகூட, 13 கோடி மார்க்குக்கு மேற்பட்ட வருவாய் மக்கள்தொகைப்படி அரசுகளுக்கே திரும்ப வேண்டும் என்று நாடாளுமன்றம் விதித்தது. 1819இல் ஒரு சிற்றரசோடு தொடங்கிய பங்கீட்டு முறை அறுபது ஆண்டு கழித்தும் பேரரசின் நிதிச் சட்டமாக உயிரோடு இருந்தது. விலை பார்த்து இணைந்தவர்களின் ஒற்றுமைக்குக் குறைபாடும் இருந்தது. அரசவைகளின் சம்மதம் கிடைத்த அளவுக்கு மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. கத்தோலிக்கர்கள், சோசலிஸ்டுகள், போலந்துக்காரர்கள் ஆகியோரைப் பேரரசு அடுத்த இருபது ஆண்டுகள் உள்நாட்டு எதிரிகளாகவே நடத்தியது. நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பில்லாத அரசு 1918 வரை நீடித்தது.

அந்த 1918ஆம் ஆண்டே இந்த விளக்கத்துக்குக் கடைசிச் சோதனை. ஒப்பந்தம் செய்துகொண்ட அரச மரபுகள் அனைத்தும் நவம்பரில் சில வாரங்களுக்குள் மறைந்தன. கையெழுத்திட்டவர்கள் போனால் கூட்டும் கலைய வேண்டும், கலையவில்லை. 1923இல் பிரெஞ்சுப் படையின் நிழலில் ரைன்லாந்தைப் பிரிக்க முயன்றவர்களுக்கு மக்கள் ஆதரவு கிடைக்கவில்லை. விலைக்காகச் சேர்ந்த அரசுகளுக்குள் ஒரே சட்டம், ஒரே நாணயம், பொதுத் தேர்தல்கள், பொதுப் படைச்சேவை என வாழ்ந்த நாற்பத்தேழு ஆண்டுகளில் விலை பார்க்காத ஒரு பற்று வளர்ந்திருந்தது. 1918இன் அதே நவம்பரில் வியன்னாவின் தேசிய அவை ஜெர்மன் ஆஸ்திரியாவை ஜெர்மன் குடியரசின் பகுதியாக அறிவித்தது. 1866இல் வெளியேற்றப்பட்டவர்களுக்குத் தங்கள் பேரரசு நொறுங்கிய பின் தனித்து நிற்பது இப்போது தாங்க முடியாததாகியிருந்தது. வென்ற வல்லரசுகள் உடன்படிக்கையால் அந்தக் கதவை அடைத்தன. விரும்பியவர்கள் வெளியே நிறுத்தப்பட்டதும், விரும்பாமல் வந்தவர்கள் உள்ளேயே ஊன்றிவிட்டதும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன: ஜெர்மன் தேசம் ஜெர்மன் ஒற்றுமையைப் பெற்றெடுத்தது என்பதைவிட, விருப்பமின்றி ஏற்பட்ட ஒற்றுமை காலப்போக்கில் தனக்கான தேசத்தை உருவாக்கிக்கொண்டது என்பதே சான்றுகளுக்கு நெருக்கமானது.